ப்ளூஸ் கவிதையில் துயரம் எப்படி வேலை செய்கிறது: படிப்படியாகப் பிரித்து வாசிக்க ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு வடிவத்தில் எழுதப்படும் ப்ளூஸ் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காரும் மாணவர் பெரும்பாலும் முதலில் உவமையைத் தேடுகிறார். இரண்டு உவமை, ஓர் உருவகம், கொஞ்சம் மோனை என்று பட்டியல் போட்டுவிட்டு, "இவை கறுப்பின மக்களின் துயரத்தை வெளிப்படுத்துகின்றன" என்று முடித்துவிடுகிறார். அந்தக் கடைசி வாக்கியத்தை எந்தச் சோகக் கவிதைக்குக் கீழும் ஒட்டிவிடலாம். அதனால்தான் மதிப்பெண் குறைகிறது. அதைவிட முக்கியமாக, கவிதையும் கைநழுவிப் போகிறது.

ப்ளூஸ் கவிதையில் நம்பிக்கையிழப்பு சோகமான சொற்களில் இருப்பதைவிட, ஒரே அடி திரும்ப வருவதிலும் அதன்பின் மூன்றாவது அடி வந்து விழும் விதத்திலும்தான் அதிகம் இருக்கிறது. ஆகவே வடிவத்தில் தொடங்கி, ஒலி, பேச்சுமொழி என்று போய், படிமத்தைக் கடைசியில் தொட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்குக் கறுப்பின அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் மூன்று கவிதைகள் போதும்: 1925-இல் இதழில் வெளிவந்த "த வியரி ப்ளூஸ்", 1927-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள "போ பாய் ப்ளூஸ்", "ஹோம்சிக் ப்ளூஸ்". ஒலியைப் பேசும் இடத்தில் மட்டும் இன்னொரு கறுப்பின அமெரிக்கக் கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுனின் "சதர்ன் ரோட்" (1932) வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடிப்பிரிப்பு கெடாத பிரதி முதல் தேவை. இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் இரண்டு குறு அடிகளை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். சரணங்களுக்கு இடையிலுள்ள வெற்று வரியையும் விழுங்கியிருப்பார்கள். எண்ணிப் பாருங்கள்: "த வியரி ப்ளூஸ்" 35 அடி. "போ பாய் ப்ளூஸ்" சரணத்துக்கு 6 அடியாக நான்கு சரணம், மொத்தம் 24 அடி. கணக்கு ஒத்துவராவிட்டால் வேறு பிரதி தேடுங்கள். அடி எங்கே உடைகிறது என்பதே இந்தக் கவிதைகளில் ஓர் உத்தி என்பதால், தவறான பிரதியில் செய்யும் உழைப்பு வீண்.

அடுத்து இரண்டு நிறப் பேனாக்கள், ஒரு தாள். தாளில் நெடுக்காக நான்கு பத்திகள் போடுங்கள்: அடி எண், அங்கே நடப்பது, உத்தியின் பெயர், விளைவு. கடைசிப் பத்தியை எட்டாம் படி முடியும்வரை காலியாக விடுங்கள். முன்கூட்டியே நிரப்பினால் எல்லா வரிசையிலும் "சோகம்" என்ற ஒரே சொல்தான் வந்து உட்காரும்.

2. கண்ணுக்கு முன் காது

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1927 பிப்ரவரியில் பதிவுசெய்த "பேக்வாட்டர் ப்ளூஸ்" பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். மரபான ப்ளூஸ் சரணம் 12 தாள அளவுகள் கொண்டது. மூன்று அடிகள், அடிக்கு நான்கு அளவு. குரல் அந்த நான்கையும் நிரப்பாது. பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடும், மிச்சத்தில் பியானோ பதில் சொல்லும். முதல் அடியில் ஒரு குறை சொல்லப்படுகிறது, தீர்வு வரவில்லை, காத்திருக்கிறோம், அதே குறை மறுபடி வருகிறது. இந்தக் காத்திருப்புதான் வடிவத்தின் உயிர்.

தாளில் பியானோ கிடையாது. அதனால் ஹியூஸ் ஒரு பாட்டு அடியை இரண்டாக உடைத்து, மூன்றை ஆறாக்குகிறார். உடைந்த இடத்தில் குரல் ஒரு கணம் தங்குகிறது.

இப்போது கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை ஒவ்வொரு பாட்டு அடியும் முடிந்த இடத்தில் இரண்டு விநாடி நிறுத்தி. மௌனமாகப் படித்தால், திரும்ப வரும் அடியைக் கண் தாண்டிப் போய்விடும். அடுத்த படிகளில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கவிஞரின் குரலே வேண்டுமென்றால், 1958-இல் ஜாஸ் கலைஞர்களுடன் சேர்ந்து ஹியூஸ் தன் கவிதைகளை வாசித்த இசைத்தட்டு இருக்கிறது.

3. வடிவத்தை வரைபடமாக்குதல்

ஒவ்வொரு பாட்டு அடிக்கும் பக்கத்தில் எழுத்து இடுங்கள். முதல் அடி அ, திரும்பி வந்தால் மறுபடி அ, புதிய அடி ஆ. மரபான சரணம் அ–அ–ஆ என்று வரும். ஆனால் மூன்றாம் அடியின் இறுதி ஒலி முதலிரண்டோடு இயைந்து நிற்கும். எனவே மூன்று முடிவிலும் ஒரே ஒலி. ஹியூஸ் தன் 1927 தொகுப்பின் முன்குறிப்பில் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: ஒரு நீண்ட அடி, அது திரும்ப வரும், மூன்றாவது அதனோடு இயையும், திரும்பும்போது சில நேரம் லேசாக மாறும்.

"த வியரி ப்ளூஸ்" முழுக்க இந்த வடிவில் இல்லை. இரவில் பியானோ வாசித்துப் பாடும் ஒருவரைக் கேட்டவர், கதைசொல்லியாக அதை விவரிக்கிறார். கறுப்பு மையில் கதைசொல்லியின் அடிகளையும் சிவப்பில் பாடகரின் அடிகளையும் குறியுங்கள். சிவப்பு 10 அடிதான்: 19 முதல் 22 வரை, பிறகு 25 முதல் 30 வரை. முதல் நான்கு அடியில் பாடகர், இந்த உலகில் தனக்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு, முகம் சுளிப்பதை விட்டுக் கவலைகளை அலமாரியில் தூக்கி வைக்கப் போவதாகச் சொல்கிறார். இது முழு ப்ளூஸ் வடிவம் இல்லை. அடுத்த ஆறு அடிகள் அச்சுப் பிசகாத அ–அ–ஆ. அங்கேதான், செத்திருக்கலாம் என்ற விருப்பம் வருகிறது. தேற்றிக்கொள்ளும் முயற்சி தளர்ந்த வடிவில் இருக்கிறது. நம்பிக்கையிழப்புக்குத்தான் கட்டுறுதியான வடிவம் கிடைக்கிறது.

இன்னொன்றையும் வரைபடம் காட்டிக்கொடுக்கும். கதைசொல்லியின் அடிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இயைகின்றன. கடைசி மூன்று மட்டும் (33, 34, 35) படுக்கை, தலை, இறந்தவன் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களில், ஒரே ஒலியில் முடிகின்றன. பாட்டு நின்றுவிட்டது, பாடகர் உறங்கிவிட்டார். ஆனால் ப்ளூஸின் மூன்று முடிவு இப்போது கேட்டவருடைய பேச்சுக்குள் வந்துவிட்டது. 34-ஆம் அடி, அந்தப் பாட்டு பாடகரின் தலைக்குள் எதிரொலித்ததாகச் சொல்கிறது. கதைசொல்லியையும் அது விடவில்லை என்பதை வடிவம் சொல்கிறது. படம் போடாதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

4. திரும்ப வந்த அடியில் என்ன மாறியது?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதல் தடவை வந்த அடியையும் இரண்டாம் தடவை வந்ததையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்த சொல்லுக்கு வட்டம், காணாமல் போன சொல் இருந்த இடத்தில் ஒரு கோடு.

"போ பாய் ப்ளூஸ்" முதல் சரணத்தில் மாற்றமே இல்லை. ஊரில் இருந்தபோது வெயில் தங்கமாகத் தெரிந்தது என்று அப்படியே இருமுறை வருகிறது. நினைவை விட மனமில்லாத ஒருவர் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறார். மாறாமல் வருவதும் ஒரு தகவல்தான்.

இரண்டாம் சரணத்தில், தான் நல்ல பையன், எந்தத் தப்பும் செய்ததில்லை என்கிறார். திரும்பச் சொல்லும்போது முன்னால் ஒரு "ஆமாம்" சேர்கிறது. யாரோ நம்பவில்லை என்பதுபோல. கவிதையில் குற்றம் சாட்டுகிறவர் எவரும் இல்லை. அந்த ஒரு சொல் அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தப்பு செய்யாமலே தன்னை நியாயப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டிய வாழ்க்கை அது.

நான்காம் சரணத்தில் சோர்வைக் குறிக்கும் "வியரி" என்ற சொல் ஆறு முறை வருகிறது. முதலில் "விடிகாலையிலேயே சோர்வு" என்ற அடி. திரும்பும்போது அந்த இடத்தில் சோர்வு விலகி, "விடிகாலை, விடிகாலை" என்று நேரம் இரட்டிக்கிறது. உழைத்தவர் மாலையில் களைப்பது இயல்பு. இங்கே நாள் தொடங்கும் முன்பே களைப்பு வந்துவிட்டது. தூக்கம் எதையும் ஆற்றவில்லை.

இப்போது "த வியரி ப்ளூஸ்" 25 முதல் 30 வரை பாருங்கள். முதலில் "நான்" என்ற எழுவாய் இரண்டு இடத்திலும் இருக்கிறது: எனக்கு இந்தச் சோர்வு வந்துவிட்டது, என்னால் நிறைவடைய முடியவில்லை. திரும்பும்போது இரண்டு "நான்"களும் உதிர்ந்துவிடுகின்றன. கடைசி இரண்டு அடியில் "நான்" மூன்று முறை திரும்பி வருகிறது, சாவை விரும்புவதற்கு. எழுவாயை விடுவது பாட்டு மொழியில் இயல்பானதுதான். அதை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்குப் போக வேண்டாம். உதிர்ந்தது எந்த இடத்தில் திரும்புகிறது என்பதோடு சேர்த்துச் சொன்னால் உங்கள் வாதம் நிற்கும்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, "வலியுறுத்துவதற்காகத் திரும்ப வருகிறது" என்று எழுதுவது. அந்தச் சொல்லை உங்கள் கட்டுரையிலிருந்து முழுதாக விலக்கிவிடுங்கள். அதற்குப் பதில் கேளுங்கள்: இவர் எதைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கிறார்?

5. மூன்றாவது அடியும் இயைபு ஜோடிகளும்

இருமுறை சொன்ன குறைக்கு மூன்றாம் அடி பதில் தர வேண்டும் என்று காது எதிர்பார்க்கிறது. பதில் வருகிறது, ஆனால் நிலைமை இன்னும் மோசமாகிறது. இதைப் பிடிக்க எளிய வழி, இயையும் இரண்டு சொற்களை மட்டும் தனியே எழுதி, அவற்றின் பொருளைப் பக்கத்தில் வைப்பது. "போ பாய் ப்ளூஸ்" தரும் ஜோடிகள்:

தங்கம் – குளிர்
தவறு – நீளம்
அன்பானவள் – புத்தி
விடியல் – பிறப்பு

தங்கமும் குளிரும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே ஒலி. ஊரைவிட்டு அமெரிக்காவின் வடக்கே வந்ததும் ஒன்று மற்றொன்றாகிவிட்டது. தவறுக்கும் பாதையின் நீளத்துக்கும் எந்தத் தர்க்கத் தொடர்பும் இல்லை. தவறே செய்யாதவருக்கு ஏன் நெடும்பாதை என்ற கேள்விக்கு நியாயமான பதில் இல்லாததால், ஒலி மட்டும் அவற்றைச் சேர்த்து வைக்கிறது. அன்பானவள் என்று நம்பியவளால் காசு போனது, புத்தியும் போகப் பார்த்தது. கடைசி ஜோடியில் இரண்டுமே தொடக்கங்கள், விடியலும் பிறப்பும். இரண்டுமே வேண்டாம் என்கிறார்.

ஜோடிகளை மேலிருந்து கீழே பார்த்தால் இழப்பின் வரிசை தெரியும்: முதலில் ஊர், பிறகு நியாயம், பிறகு காதலும் காசும், கடைசியில் பிறந்ததே பிழை என்ற எண்ணம். இந்த ஏறுவரிசை தனி உத்தி. அதற்குத் தாளில் தனி வரிசை கொடுங்கள்.

இயைபு அமைப்பை எழுத்துகளால் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்வது இந்தப் படியின் பிழை. எழுத்து, ஒலி ஒத்துப்போவதைத்தான் சொல்லும். வலி, ஒத்துப்போன சொற்களின் பொருளில் இருக்கிறது.

6. ஒலி: இழுப்பும் அடியும் மூச்சும்

"த வியரி ப்ளூஸ்" அடிமுடிவுகளில் டியூன், க்ரூன், ஸ்டூல், ஃபூல், மூன் என்று "ஊ" நெடிலும், டோன், மோன் என்று "ஓ" நெடிலும் வந்துகொண்டே இருக்கின்றன. நெடில்கள் நாவைத் தாமதிக்க வைக்கின்றன. இரவு முழுக்க வாசித்துக் களைத்த உடம்பின் வேகத்தில்தான் கவிதையைப் படிக்க முடிகிறது. 23-ஆம் அடியில் "தம்ப்" மூன்று முறை விழுகிறது, பாடகரின் கால் தரையைத் தட்டும் ஒலி. இரண்டு பாட்டுப் பகுதிகளுக்கு நடுவே, பியானோ பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அது இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"சதர்ன் ரோட்" இன்னும் கடுமையானது. சங்கிலியில் பிணைத்த கைதிகள் சம்மட்டி அடிக்கும்போது வரும் "ஹன்" என்ற மூச்சொலி, இருபுறமும் கோடிட்டு, பாட்டு அடியின் நடுவில் செருகப்பட்டிருக்கிறது. தந்தை தன்னைச் சபித்தபடியே செத்தார் என்று சொல்லும் அடியிலும் அதே இடத்தில் சம்மட்டி விழுகிறது. தன் சோகத்தை ஒரு வாக்கியமாக முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட வேலை விடவில்லை. இதைக் காட்ட எந்த உருவகமும் தேவைப்படவில்லை.

ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒலி அருகருகே குறைந்தது மூன்று முறை வந்து, வாய்விட்டுப் படிக்கும்போது நாவுக்கும் தெரிந்தால் மட்டும் அதைப் பற்றி எழுதுங்கள். ஒரு "ச"வைப் பிடித்துக்கொண்டு பாம்பின் சீற்றம் என்று எழுதுவது யாரையும் நம்பவைக்காது.

7. பேச்சுமொழியின் இலக்கணம்

கறுப்பின அமெரிக்கர் ஆங்கிலத்தில் எதிர்மறை இரட்டித்து வந்தால் எதிர்மறை அழுத்தமாகும். ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகாது. "எந்தத் தப்பும் செய்ததில்லை" என்ற இடமும், "யாருமில்லை" என்ற இடமும் இப்படித்தான். இதைப் பிழை என்று எண்ணி மேற்கோளில் திருத்திவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். திருத்தினால், இல்லாமையின் மேல் இல்லாமை அடுக்கப்படும் அந்த எடை போய்விடும்.

"போ பாய் ப்ளூஸ்" முதல் சரணத்தில், ஆங்கில "த"வின் பேச்சு வடிவமான "டி" என்ற சுட்டிடைச்சொல் அடியின் முடிவில் தொங்குகிறது. பெயர்ச்சொல் அடுத்த அடிக்குப் போய்விட்டது. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் குரல் ஒரு கணம் வெறுமையில் நிற்கிறது.

தமிழில் மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: ஏதோ ஒரு மாவட்ட வழக்கில் பெயர்க்காதீர்கள். கவிதை அமெரிக்காவை விட்டு அந்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். எளிய பொதுப் பேச்சுத்தமிழ் போதும்.

8. இப்போதுதான் படிமங்கள்

"த வியரி ப்ளூஸ்" கவிதையில் ஒளியை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். தொடக்கத்தில் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் லெனாக்ஸ் அவென்யூவில் பழைய கேஸ் விளக்கின் வெளிறிய வெளிச்சம். முடிவில் நட்சத்திரங்கள் அணைகின்றன, நிலவும் அணைகிறது. கவிதை நெடுக வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. கருங்காலிக் கைகள் தந்தக் கட்டைகள் மேல், முனகுவது பியானோ. முனகலை மரத்துக்குக் கொடுத்துவிட்டதால் மனிதர் தொடர்ந்து பாட முடிகிறது. அவர் ஆடியபடி உட்கார்ந்திருப்பதும் ஆட்டங்கண்ட ஸ்டூலில்தான்.

கடைசி உவமையில் ஏராளமானோர் தடுக்கி விழுகிறார்கள். பாறைபோல, அல்லது இறந்தவனைப்போல உறங்கினார் என்றுதான் இருக்கிறது. "பாடகர் இறந்துவிட்டார்" என்று எழுதினால் தவறு. பாறைபோல உறங்குவது ஆங்கிலத்தில் ஆழ்ந்த உறக்கத்தைச் சொல்லும் வழக்கம். அடுத்து வரும் "அல்லது" அதை இருண்ட பக்கம் தள்ளுகிறது, முடிவு சொல்லாமல் விடுகிறது. சில அடிகளுக்கு முன் அவர் சாவை விரும்பியதையும் இந்த "அல்லது"வையும் இணைத்து எழுதுங்கள்.

குறியீட்டு அகராதி வைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். ரயில் என்றால் விடுதலை, வடக்கு என்றால் நம்பிக்கை என்று பல குறிப்புநூல்கள் சொல்லும். 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்கத் தெற்கைவிட்டு வெளியேறினார்கள் என்பது உண்மை. ஆனால் "ஹோம்சிக் ப்ளூஸ்" பேசுகிறவர், தெற்கே திரும்பிப் போக ஒரு சரக்குப் பெட்டி கிடைக்குமா என்று ஸ்டேஷனில் தேடுகிறார். பயணிகள் பெட்டியைத் தேடவில்லை. டிக்கெட்டுக்குக் காசில்லை என்பது அந்த ஒரு பெயர்ச்சொல்லுக்குள் இருக்கிறது.

இந்தப் படி முடிந்ததும் காலியாக விட்ட நான்காம் பத்தியை நிரப்புங்கள்.

9. பேசுவது யார்?

"போ பாய் ப்ளூஸ்" கவிதையில் துன்பப்படுகிறவரே பேசுகிறார். "த வியரி ப்ளூஸ்" கவிதையில் கேட்டவர் சொல்கிறார். அவர் மொழி பொது ஆங்கிலம், பாடகர் மொழி பேச்சுவழக்கு. இந்த இடைவெளியைக் குறிப்பிடாமல் இரண்டையும் "கவிஞர் சொல்கிறார்" என்று எழுதிவிட்டால், மூன்றாம் படியில் கண்டுபிடித்த கடைசி மூன்றடி இயைபு பொருளிழந்துவிடும். "நான்" என்று வரும் இடமெல்லாம் ஹியூஸ் தன் கதையைச் சொல்கிறார் என்றும் கொள்ள வேண்டாம்.

10. எதிரோட்டத்தை விட்டுவிடாதீர்கள்

ப்ளூஸின் மனநிலை பெரும்பாலும் சோர்வுதான், ஆனால் அது பாடப்படும்போது மக்கள் சிரிக்கிறார்கள் என்று அதே 1927 முன்குறிப்பில் ஹியூஸ் எழுதுகிறார். "ஹோம்சிக் ப்ளூஸ்" முடிவில், அழாமல் இருப்பதற்காக வாயைத் திறந்து சிரிப்பதாகச் சொல்கிறார் பேசுகிறவர். அந்தச் சரணத்தின் இயைபைச் சரிபாருங்கள்: ஹேவ், லாஃப்ஸ். ஒலி முழுதாகப் பொருந்தவில்லை. சிரிப்பும் பொருந்தவில்லை. வெறும் அழுகையாக இக்கவிதையை விளக்கும் கட்டுரை பாதியைத்தான் படித்திருக்கிறது. தாங்கிக்கொள்ளும் முயற்சியை முதலில் காட்டினால்தான் அது தோற்கும் இடம் தெரியும்.

11. பின்னணியைச் சரிபார்த்தல்

"அடிமைகளின் துயரம்" என்று எழுதுவது பரவலான பிழை. அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. இக்கவிதைகள் 60 ஆண்டு கழித்து வந்தவை. குத்தகைக் கடன், இனப் பிரிவினைச் சட்டங்கள், சங்கிலிக் கைதி முகாம், வடக்கு நகரங்களின் வறுமை, தனிமை என்று எந்தக் கஷ்டம் இந்த அடியில் இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

தேதியையும் பாருங்கள். "பேக்வாட்டர் ப்ளூஸ்" 1927 மிசிசிப்பி பெருவெள்ளத்தைப் பற்றி எழுதப்பட்டது என்று பலர் எழுதுகிறார்கள். பாட்டு பதிவானது பிப்ரவரியில். அந்த வெள்ளத்தின் பெரும் கரையுடைப்பு ஏப்ரலில். அந்த வெள்ளத்தில் தவித்தவர்கள் பிறகு இந்தப் பாட்டில் தங்கள் கதையைக் கேட்டார்கள் என்று எழுதினால் சரி.

12. பத்தியாக எழுதுதல்

ஒரு பத்திக்கு ஓர் உத்தி. வரிசை: அடி, அதில் நடந்த மாற்றம், அது கேட்பவரிடம் செய்வது, எந்தக் கஷ்டம். 800 சொல் கட்டுரைக்கு இப்படி நான்கு பத்திகள் போதும். நான்கு, ஐந்து, ஆறாம் படிகளிலிருந்து குறைந்தது மூன்றை எடுங்கள். படிமத்துக்கு ஒன்று போதும்.

பலவீனமான வாக்கியம்: "கவிஞர் திரும்பக் கூறல் உத்தியைப் பயன்படுத்திச் சோர்வை வலியுறுத்துகிறார்."

அதையே இப்படி எழுதலாம்: "நான்காம் சரணத்தில் 'விடிகாலையிலேயே சோர்வு' என்ற அடி திரும்பும்போது, சோர்வு இருந்த இடத்தை விடிகாலை எடுத்துக்கொள்கிறது. வேலை தொடங்கும் முன்பே களைத்துவிட்டவருக்கு, வடக்கு நகரத்தின் ஒவ்வொரு நாளும் தோல்வியிலேயே விடிகிறது."

எழுதி முடித்த பத்தியில் உத்திகளின் பெயர்களை மட்டும் விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். வாதம் அப்படியே நின்றால் பத்தி தேறிவிட்டது. சரிந்தால், நான்காம் படிக்குத் திரும்பிப் போய் அந்த இரண்டு அடிகளை மறுபடி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.